இளமை திரும்பிய நாடி

"அறுபத்தெட்டு வயசு மனுசருக்கு முப்பது வயசு நாடி வந்திட்டுது. எனக்குப் பயமா இருக்கு," என்றார் டொக்டர் ரொஷேல்.

ஜெயராணி குறிப்புப் புத்தகத்தைத் திறந்தாள். வெள்ளவத்தை காலி வீதியில், ஒரு புடைவைக் கடையின் மேல்மாடியில் அவளுடைய துப்பறியும் அலுவலகம் இருந்தது. கணவனைப் பின்தொடரச் சொல்லி வந்தவர்கள் உண்டு. தொலைந்த நாயைத் தேடச் சொல்லி வந்தவர்களும் உண்டு. ஒருவர் இளமையாகிவிட்டார் என்று முறையிட வந்தவர் இவர்தான்.

"அந்த மருந்து எங்கேயும் கிடைக்குமா டொக்டர்?" கதவோரம் நின்ற ஷிப்லி கேட்டான். "எங்கட வாப்பாவுக்கு ஒரு போத்தல் வேணும். எனக்கு ரெண்டு."

ஷிப்லிக்கு நாற்பது வயது. ஜெயராணியின் உதவியாளன், முச்சக்கரவண்டிச் சாரதி, தேத்தண்ணி வாங்குபவன், எல்லாம் அவன்தான். காப்புறுதிக் கொம்பனியில் பொய் விபத்துகளைப் பிடிக்கும் வேலையில் தலைமயிர் நரைத்து, பிறகு சொந்தமாகத் தொழில் தொடங்கிய ஜெயராணிக்கு அவனுடைய வாய் பழகிப் போயிருந்தது.

"ஷிப்லி, கொஞ்சம் பேசாமல் இரு. டொக்டர், முதலில இருந்து சொல்லுங்கோ."

ரொஷேல் சொன்னார். அதே வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இருக்கும் ஒரு ஆய்வு நிலையத்தில் இரத்தக்குழாய்களைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் பெண் மருத்துவர் அவர். நாடியின் உட்புறச் சுவரில் மிக மெல்லிய ஒரு படை இருக்கிறது. இரத்தம் வேகமாகப் பாய்ந்தால் அந்தப் படை அதை உணர்ந்து, குழாயை விரியச் செய்யும். வயது போனால் விரிவது குறையும். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, வந்தால் இன்னும் குறையும். அந்தப் படையைத் திரும்பத் தேற்ற முடியுமா என்று பார்க்க, புதிய மருந்து வில்லை ஒன்றைச் சிலருக்குக் கொடுத்துச் சோதிக்கிறார்கள்.

"கையில பட்டி கட்டி இறுக்கி, அஞ்சு நிமிசம் வச்சிருந்து தளர்த்துவோம். அப்ப நாடி எவ்வளவு விரியுதெண்டு ஸ்கேன்ல அளப்போம். சிவக்கொழுந்து எண்டவருக்கு முதல் தடவை நான்தான் செய்தேன். விரியவே இல்லை. காலையும் பார்த்தேன். இடது காலுக்கு இரத்தம் பாதிகூடப் போகேல்ல. 'உடனே சத்திரசிகிச்சை நிபுணரைப் பாருங்க, விட்டால் கால் போயிடும்' எண்டு சொன்னேன். தலையாட்டினார்."

"பிறகு?"

"அடுத்த ரெண்டு தடவையும் என்ட உதவியாளர் தேனுஜன் எடுத்தார். படங்கள் என்னட்ட பேர் இல்லாமத்தான் வரும், யாருடையதெண்டு தெரியாமத்தான் நான் அளக்கவேணும். நேற்றுத்தான் பேரைப் பொருத்திப் பார்த்தேன். நாடி ரப்பர் மாதிரி விரியுது. காலுக்கும் இரத்தம் நல்லா ஓடுது."

"மருந்து வேலை செய்திருக்கலாமே?"

"ரெண்டு மாசத்தில எந்த மருந்தும் அப்பிடிச் செய்யாது." ரொஷேல் மேசையில் இரண்டு படங்களை வைத்தார். "அதோட இதைப் பாருங்க. ரெண்டும் வலது மேற்கை. முதல் படத்தில ரெண்டு வட்டம். அவருக்கு நாடி தோளுக்குக் கிட்டவே ரெண்டாப் பிரியுது. சில பேருக்குப் பிறப்பிலேயே அப்பிடித்தான். இந்தப் படத்தில ஒரே வட்டம்."

"மருந்து குடிச்சு ஒரு நாடி களவு போயிட்டுதோ?" என்றான் ஷிப்லி.

ஜெயராணி இரண்டாவது படத்தை விரலால் தட்டினாள். "நாடி இல்லை. ஆள்தான் களவு போயிருக்கிறார். வந்தது வேற ஒருத்தன். வயசு முப்பது, முப்பத்தைஞ்சு."

"அதுதான் என்ட பயம்," என்றார் ரொஷேல். "ஏன் ஆள் மாறினதெண்டு எனக்குத் தெரியாது. மருந்துக் கொம்பனிக்காரர் செய்த வேலையாவும் இருக்கலாம். ஆனா உண்மையான சிவக்கொழுந்து எங்க? அந்தக் காலோட அவர் எங்கேயோ கிடக்கிறார். வீட்டுக்குப் போன் பண்ணினா மகள்தான் எடுக்கிறா. அவரைத் தரவே மாட்டா."

பொலிஸுக்குப் போனால் விசாரித்து முடிக்கும்போது கால் இருக்காது என்பது ஜெயராணிக்குச் சொல்லாமலே விளங்கியது. அவள் கைப்பையை எடுத்தாள்.

*

ஆய்வு நிலையத்தில் தேனுஜன் ஸ்கேன் இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். கிளிநொச்சிப் பெடியன். ஆள் மாறியது என்று கேட்டதும் முகம் வெளுத்தது.

"ஆய்வுக்கு வாறவைக்குக் குடுக்கிற அட்டையைக் காட்டினவர், அக்கா. தலை முழுக்க நரை. நான் சந்தேகப்படேல்லை."

"நரைக்கு மை பூசியிருப்பான்," என்றாள் ஜெயராணி.

"மேடம், உலகத்தில எல்லாரும் வெள்ளையைக் கறுப்பாக்கத்தான் மை பூசுறாங்க," என்றான் ஷிப்லி. "கறுப்பை வெள்ளையாக்க எந்த சலூன்ல பூசுறாங்க? சொல்லுங்க, என்ட மச்சானுக்கு வேலை கேட்கலாம்."

ஜெயராணி அவனைப் பொருட்படுத்தவில்லை. "தேனுஜன், அந்த ஆள் என்ன கதைச்சவர்? ஞாபகம் இருக்கோ?"

"பெரிசா ஒண்டும் இல்லை. பட்டியை இறுக்கேக்க நோகுதோ எண்டு கேட்டன். 'இல்லைங்க தம்பி, நல்லாத்தாங்க இருக்கு' எண்டார். பிறகு நித்திரையாப் போயிட்டார். குறட்டை வேற."

"என்ன சொன்னவர்?"

"நல்லாத்தாங்க இருக்கு எண்டு…"

"சிவக்கொழுந்து எந்த ஊர்?"

ரொஷேல் நினைவுபடுத்திச் சொன்னார். "காரைநகர்."

"காரைநகரில பிறந்தவர் ஆரும் 'ங்க' போட்டுக் கதைக்கிறவையோ? நீயும் யாழ்ப்பாணத் தமிழ் கதைக்கிறனிதானே, உனக்குக் காதில விழேல்லையோ?"

தேனுஜன் தலையைக் குனிந்தான். "கொழும்பில கனகாலம் இருந்தவராக்கும் எண்டு நினைச்சன், அக்கா."

மலையகத்துப் பேச்சு. ஆனால் கொழும்பில் அப்படிப் பேசுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஜெயராணி நிலையத்துத் தொலைபேசியிலேயே சிவக்கொழுந்தின் வீட்டு இலக்கத்தை அழைத்தாள். ஒரு பெண் எடுத்தாள். மகள் நிருஷா.

"அப்பாவோட ஒருக்காக் கதைக்கலாமோ?"

"அப்பா நித்திரை."

"பின்னேரத்திலயோ?"

"அவர் ஒருத்தரோடயும் கதைக்கிறேல்லை. அறையைப் பூட்டிக்கொண்டு கிடப்பார்." குரல் அவசரப்பட்டது. "ரிப்போட் நல்லம் எண்டுதானே அப்பா சொன்னவர்? எனக்கு அதை டொக்டர் கையெழுத்தோட தரவேணும். வாற வெள்ளிக்கிழமை நான் மெல்பேர்ன் போறன். கலியாண எழுத்து முடிஞ்சு ஒரு வருசம், மாப்பிள்ளை அங்க தனியப் பாத்துக்கொண்டிருக்கிறார்."

"அப்பாவும் வாறாரோ?"

"இல்லை. அவர் இங்கதான்."

"நாளைக்குக் காலமை கடைசிச் சோதனை ஒண்டு இருக்கு. அவரை அனுப்பி வையுங்கோ. அது முடிஞ்சால் ரிப்போட் தரலாம்."

ஜெயராணி தொலைபேசியை வைத்தாள்.

"அவளுக்குத் தகப்பன்ட கால் முக்கியமில்லை," என்றாள். "கால் நல்லாயிருக்கெண்டு ஒரு கையெழுத்துத்தான் முக்கியம். அது கிடைச்சால் ஊர் வாயும் மூடும், மனச்சாட்சியும் மூடும். ஆரோ ஒரு வாட்டசாட்டமான ஆளைப் பிடிச்சு, தலைக்கு வெள்ளை பூசி அனுப்பியிருக்கிறாள். தகப்பன் உள்ளே பூட்டின அறையில."

"அப்ப நாளைக்குக் காலையிலேயே வண்டியோட வாறேன்," என்றான் ஷிப்லி.

*

மறுநாள் காலை கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியில், சிவக்கொழுந்தின் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் ஷிப்லியின் முச்சக்கரவண்டி நின்றது. பின் இருக்கையில் ஜெயராணியும் ரொஷேலும் ஒடுங்கி இருந்தார்கள். வீதியை ஒட்டிய சிறிய கீழ்வீடு அது. யன்னல் திரை முழுக்க இழுத்து மூடப்பட்டிருந்தது.

நிருஷா வேலைக்குக் கிளம்பி வெளியே வந்தாள். கதவை வெளியிலிருந்து பூட்டி, திறப்பைக் கைப்பையில் போட்டாள். நாலடி போய்த் திரும்பி யன்னலைப் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தாள்.

"கண்டீங்களா?" என்று ரொஷேல் முன்னால் சாய்ந்தார். "உள்ளுக்கு வச்சுப் பூட்டிட்டுப் போறா."

"மல்லி, மெத்தன நவத்தன்ன பே," என்று, இங்கே நிறுத்தக்கூடாதெனச் சிங்களத்தில் சொல்லிப் போக்குவரத்துப் பொலிஸ்காரர் வந்து வண்டியைத் தட்டினார்.

"தவ பொட்டக் அய்யே, லெடெக் இன்னவா," என்று ஷிப்லி ரொஷேலைக் காட்டினான். நோயாளி இருப்பதாகச் சொன்னதும், வெளுத்துப்போயிருந்த அவருடைய முகத்தைப் பார்த்த பொலிஸ்காரர் நம்பிக்கொண்டு போய்விட்டார்.

அந்த நேரம் பூட்டிய கதவு உள்ளிருந்து திறந்தது.

மெலிந்த ஒரு மனிதர் வெளியே வந்தார். தன்னிடம் இருந்த இன்னொரு திறப்பால் கதவைப் பூட்டினார். வெயில் சுட்டும் இரண்டு காலிலும் கம்பளிக் காலுறை. சேர்ட் பையில் ஆய்வு நிலையத்து அட்டையின் நீல விளிம்பு தெரிந்தது.

"அவர்தான்!" ரொஷேல் இறங்கப் பார்த்தார். "அவர்தான் சிவக்கொழுந்து!"

ஜெயராணி அவருடைய கையைப் பிடித்து இருத்தினாள். அவளுடைய கணக்கு அந்த நொடியே பிழைத்துவிட்டது. ஆளை ஒருவரும் பூட்டி வைக்கவில்லை. "இப்ப போய்க் கேட்டால் ஒண்டுமில்லை எண்டுவார். எங்க போறாரெண்டு பாப்பம். ஷிப்லி, மெதுவா."

முச்சக்கரவண்டி ஊர்ந்தது. சிவக்கொழுந்து கொஞ்சத் தூரம் நடந்து, ஒரு சாரிப்புளவுஸ் தைக்கும் கடையின் கண்ணாடிக்கு முன்னால் நின்றார். உள்ளே மாட்டியிருந்த புளவுஸ்களை ஆறுதலாகப் பார்த்தார்.

"பெரியவருக்கு நல்ல ரசனை," என்றான் ஷிப்லி.

பிறகு நடந்தார். அடுத்ததாக நகைக்கடை. அதற்குப் பிறகு கைத்தொலைபேசி திருத்தும் கடை. ஒவ்வொன்றின் முன்னாலும் நின்றார், பார்த்தார், நடந்தார். யாராவது பின்தொடர்கிறார்களா என்று கண்ணாடியில் பார்க்கிறாரோ என்று ஜெயராணி சந்தேகப்பட்டாள். வண்டியை இன்னும் பின்தங்கச் சொன்னாள்.

நாலாவது தடவை அவர் நின்ற இடத்தில் கண்ணாடியே இல்லை. இரும்புக் கதவு இழுத்து மூடிய ஒரு கடை. அந்தத் தகரத்தைத்தான் அவர் உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பூட்டின கதவில என்ன பாக்கிறார்?" என்று தனக்குத்தானே கேட்ட ஜெயராணி, சட்டென்று ரொஷேலின் பக்கம் திரும்பினாள். "அவர் கடை பாக்கேல்லை. நடக்க முடியாமல் நிக்கிறார். ரோட்டில சும்மா நிண்டால் ஆரும் கேட்பினம் எண்டு கடை பாக்கிறது மாதிரி நடிக்கிறார்."

ரொஷேல் கண்ணை எடுக்காமல் தலையசைத்தார். "நடந்தால் தசைக்கு இரத்தம் காணாது. கெண்டைக்கால் முறுக்கிப் பிடிக்கும். கொஞ்சம் நிண்டால் விடும். இந்த நோய்க்காரர் கனபேர் இப்பிடித்தான் கடைக்கு முன்னால நிப்பாங்க." பிறகு மெல்லச் சொன்னார்: "தூரம் குறைஞ்சுகொண்டே போகுது. கவனிச்சீங்களா?"

சிவக்கொழுந்து ஒரு சைவக் கடைக்குள் நுழைந்தார். கடைசி மேசையில் அகன்ற தோளுடைய ஒருவர் தோசை தின்றுகொண்டிருந்தார். சிவக்கொழுந்து அவருக்கு எதிரே இருந்து, பையிலிருந்த அட்டையை எடுத்து மேசைமேல் தள்ளினார். மற்றவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து, அட்டையை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"மேடம்," என்றான் ஷிப்லி. "களவெடுத்தவரும் களவு குடுத்தவரும் ஒரே மேசையில இருக்கிறாங்க."

*

மூவரும் உள்ளே போனபோது அட்டையோடு எழுந்தவர் வாசலை மறித்து நின்ற ரொஷேலின் மேல் முட்டாத குறை.

"கொஞ்சம் வழி விடுங்கம்மா, பஸ்ஸு போயிருங்க."

அந்த 'ங்க' கேட்டதும் ஜெயராணிக்குச் சந்தேகம் தீர்ந்தது. "வெள்ளவத்தைக்குத்தானே? டொக்டர் இங்கேயே வந்திட்டா. இருங்கோ ஐயா."

சிவக்கொழுந்து ரொஷேலைக் கண்டார். எழும்பப் பார்த்தார். கால் இடம் கொடுக்கவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் இருந்துவிட்டார்.

ஜெயராணி அகன்ற தோள்காரரை மேலும் கீழும் பார்த்தாள். முகச் சுருக்கம், கழுத்துத் தோல், இமை மயிர்வரை நரை. மை எதுவும் இல்லை. "உங்கட பேர் என்ன? வயசு என்ன?"

"அழகருங்க. வர்ற தைக்கு எழுபத்தொண்ணுங்க."

ரொஷேல் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்தபடியே நின்றார். "எழுபதா?" என்றார், யாரிடம் கேட்கிறோம் என்று தெரியாமல்.

"புறக்கோட்டையில மூட்டை தூக்குனேங்க. இப்ப தூக்கறதில்ல. முகத்துவாரத்துல இருந்து தெனம் இங்க நடந்து வந்து போறதோட சரி. என்னங்கம்மா, எதாச்சும் தப்புங்களா?"

"நான் முப்பது வயது ஆளைத் தேடினன்," என்று ஜெயராணி ஒத்துக்கொண்டாள். "நான்தான் பிழை. வயசும் பிழை, குற்றவாளியும் பிழை." அவள் சிவக்கொழுந்துக்கு எதிரே அமர்ந்தாள். "ஐயா, உங்கட மகள் உங்களைப் பூட்டி வைச்சு ஆள் மாத்தினவ எண்டுதான் நான் நினைச்சன். இதை முழுக்கச் செய்தது நீங்கள்தான், என்ன?"

"அவளுக்கு ஒண்டும் தெரியாது," என்றார் அவர் உடனே. "அவளை இதுக்குள்ள இழுக்காதேங்கோ, பிள்ளை."

"ஏன் செய்தனீங்கள்?"

அவர் ரொஷேலைப் பார்க்காமல் பேசினார். "இந்த டொக்டர் அண்டைக்குச் சொன்னதை நான் வீட்டில சொல்லேல்லை. சொன்னால் அவள் போகமாட்டாள். ரெண்டு தரம் விசா வந்து ரெண்டு தரமும் எனக்காக நிண்டவள். 'அப்பாக்கு ஒண்டுமில்லை எண்டு டொக்டர் எழுதித் தந்தால்தான் போவன்' எண்டாள். அதுதான் அழகரைக் கேட்டன். கோயிலில பழக்கம். நல்ல மனுசன்."

"காலை என்ன செய்யிறதா யோசனை?"

"வெள்ளிக்கிழமை அவள் பிளேன் ஏறட்டும். பிறகு எது வந்தாலும் வரட்டும்." குரல் இறங்கியது. "எங்கட பெரியண்ணருக்கும் இப்பிடித்தான். முதலில ஒரு விரல் எண்டாங்கள். பிறகு முழங்கால் எண்டாங்கள். பிறகு தொடை. கடைசியில பெட்டிக்குள்ள வைக்கேக்க ஆள் பாதிதான். நான் முழு ஆளாப் போறன், பிள்ளை."

"காலைக் காட்டுங்க," என்றார் ரொஷேல்.

"வேண்டாம்."

"காட்டுங்கய்யா," என்றார் அழகர். முதன்முறையாக அவருடைய குரலில் கோபம் வந்தது. "டாக்டருங்க சும்மா பயங்காட்டுறாங்க, நீ போய்ப் படுத்துட்டு வான்னுதான எங்கிட்ட சொன்னீங்க?"

சிவக்கொழுந்து காலை மேசைக்கடியில் இழுத்துக்கொண்டார். அழகர் கீழே குந்தி, அந்தக் காலைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக் காலுறையைக் கழற்றினார். இரண்டு விரல்கள் கறுத்துப் போயிருந்தன. பாதம் ஐஸ் போல இருந்தது. ரொஷேல் மேற்பாதத்திலும் கணுக்காலிலும் விரல் வைத்து நாடித் துடிப்பைத் தேடினார். நிமிர்ந்தபோது அவருடைய முகத்தைப் பார்த்தே ஜெயராணிக்கு விளங்கியது.

அழகர் தன் பையிலிருந்த அட்டையை எடுத்து இரண்டாகக் கிழித்துப் போட்டார். பிறகு சிவக்கொழுந்தின் கைக்கடியில் தோளைக் கொடுத்தார்.

"நான் நடப்பன்," என்றார் சிவக்கொழுந்து.

"நடந்தது போதுங்க."

எழுபது வயது மனிதர் அவரைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். வாசலில் நின்றவர்கள் விலகினார்கள். ஷிப்லி ஏற்கெனவே வண்டியைக் கிளப்பிவிட்டான். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அவன் ஹோர்னிலிருந்து கையை எடுக்கவில்லை.

*

அன்று பின்னேரமே தொடை நாடிக்குள் ஒரு மெல்லிய குழாயை விட்டு, அடைத்திருந்த இடத்தில் பலூனை ஊதித் திறந்தார்கள். இரண்டு விரல்களை எடுக்க வேண்டியிருந்தது. கால் தப்பியது. இன்னும் ஒரு கிழமை போயிருந்தால் அதுவும் இல்லை என்றார் சத்திரசிகிச்சை நிபுணர்.

சிவக்கொழுந்தின் பெயரில் வந்த படங்கள் எல்லாவற்றையும் ஆய்விலிருந்து நீக்கும்படி, நடந்ததை நடந்தபடி எழுதி ரொஷேல் மேலிடத்துக்கு அனுப்பினார். மருந்துக் கொம்பனிக்காரருக்கு அது பிடிக்கவில்லை. அழகரின் நாடி மட்டும் அவருடைய மனதை விட்டுப் போகவில்லை. முறைப்படி, சொந்தப் பெயரில், ஒரு தடவை வரமுடியுமா என்று கேட்டார். "நல்லாத் தூங்கலாங்க, வர்றேன்," என்றார் அழகர்.

நிருஷா வார்ட்டுக்கு வந்தபோது ஜெயராணி வெளியே நின்றாள். உன்னைச் சந்தேகப்பட்டேன் என்று சொல்ல வேண்டியிருந்தது. சொன்னாள்.

"என்னையோ?" நிருஷாவின் கண்கள் வீங்கியிருந்தன. "அவர் அறையைப் பூட்டிக்கொண்டு கிடந்தது நான் போறன் எண்ட கவலையில எண்டு நினைச்சன், அக்கா. கதவடியில நிண்டு கேட்டுப் பாப்பன். உள்ள இருந்து 'நான் நல்லா இருக்கிறன், போ' எண்டுவார்."

அவள் உள்ளே போனாள். தகப்பன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"என்னை ஏமாத்தி பிளேன் ஏத்தினால், அங்க போய் நான் என்னெண்டு நித்திரை கொள்ளுறது, அப்பா?"

அவருடைய தோள் குலுங்கியது. நிருஷா கட்டிலில் அமர்ந்து, கட்டுப் போட்ட பாதத்தைத் தொடப் பயந்து, போர்வையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

ரொஷேல் சின்னக் கருவி ஒன்றோடு வந்தார். கணுக்காலின் உட்பக்கம் கொஞ்சம் ஜெல் பூசி, பேனை போலிருந்த அதன் முனையை வைத்து மெல்ல நகர்த்தினார். முதலில் இரைச்சல். பிறகு, அலை மணலில் ஏறி இறங்குவதுபோல ஒரு சத்தம், விட்டு விட்டு, ஒழுங்காக.

"அது என்ன?" என்றார் சிவக்கொழுந்து, திரும்பாமலே.

"உங்கட இரத்தம். காலுக்குப் போகுது."

அவர் மெதுவாகத் திரும்பினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "பிள்ளை, உனக்குக் கேக்குதோ?"

"கேக்குதப்பா."

அவள் கண்ணைத் துடைத்தாள். "டிக்கட்டை நான் விடேல்லை. மூண்டு மாசம் தள்ளிப் போட்டிருக்கிறன். அதுக்குள்ள எழும்பி நடவுங்கோ. எயார்போட் வாசல் வரைக்கும் நீங்கள்தான் என்ர பெட்டியைத் தள்ளிக்கொண்டு வரவேணும்."

"இடையில நிக்காமலோ?" என்றார் அவர்.

"நிண்டால் நானும் நிப்பன்," என்றாள் நிருஷா.